ஒரு தட்டு, இரண்டு தட்டு

சட்டைக் கழுத்து லேபிளைப்
பல்லால் பிரிப்பதில் தொடங்கும் என் காலை.
கத்தரி வைத்தால் ஒரு நூல் மிஞ்சும்.
மிஞ்சிய நூல் லிகிதாவுக்கு நூல் இல்லை,
நெருஞ்சி.

குக்கர் மூன்றாவது விசிலுக்கு முக்குமுன்
அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே
தன்னைச் செருகிக்கொள்வாள்.
ஏழு வயது. இடுக்கு இன்னும் போதுகிறது.

அடம் என்றார்கள்.
செல்லம் என்றார்கள்.
என் நாத்தனார் மந்திரித்துக் கட்டிய கயிறு
கழுத்தை அறுக்கிறதென்று
பேருந்து நிலையத்தில் உருண்டாள்.
அதைப் பிடுங்கி எறிந்த பாவமும்
என் கணக்கில்தான் சேர்ந்தது.

ஆனி மாதம் கூழ் ஆலையில்
பெங்களூரா பழம் அறுக்கிறேன்.
ஊருக்கே இனிக்கிற அந்த வாசம்
அவளுக்குக் குமட்டல்.
புளிச்சக்கை போட்டு முழங்கை வரை தேய்த்து,
முகர்ந்து பார்த்து, மறுபடி தேய்த்து
அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவேன்.

கிருஷ்ணகிரியில், வியாழக்கிழமை தோறும்,
பள்ளிக்கூடத்தின் பின்கட்டு அறையில்
ஷம்ஷாத் டீச்சர் உட்கார்ந்திருப்பார்.
முதல் நாள் அவர் லிகிதாவிடம் பேசவேயில்லை.
மின்விசிறியை நிறுத்தினார்.
வளையல்களைக் கழற்றி மேசை டிராயரில் வைத்தார்.
அவ்வளவுதான்.
எனக்கு அழுகை வந்தது.

"வீட்டில் கனமா என்ன இருக்கு?"
"கடன் இருக்கு டீச்சர்."
சிரித்துவிட்டு மறுபடி கேட்டார்.
ராகி இருந்தது.
பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ கட்டி
மடியில் வைத்தால்
கொதிக்கும் பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி
இறங்கி வருகிறாள்.
சில நாள்.
சில நாள் ராகி வீடெல்லாம் சிதறும்,
முறத்தோடு உட்கார்ந்து நான் பொறுக்குவேன்.

நான் எதிர்பார்க்காத ஆள் ஒருவர்:
காவேரிப்பட்டணம் டவுன் பஸ் கண்டக்டர் மாதப்பன்.
மூன்று வியாழன் எங்களைப் பார்த்தார்.
விசில் ஊதும்போதெல்லாம்
என் புடவைக்குள் புதைகிற தலையைப் பார்த்தார்.
நான்காம் வியாழன் விசில் அவர் பையில் கிடந்தது.
தகரத்தில் உள்ளங்கையால் தட்டினார்.
ஒரு தட்டு: நில்.
இரண்டு தட்டு: போகலாம்.
காரணம் கேட்ட டிரைவரிடம்
"தொண்டை சரியில்லை" என்றார்.
நான் நன்றி சொல்லவில்லை.
சொன்னால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.
சில்லறையை மட்டும் சரியாகக் கொடுத்தேன்.

அதன் பிறகு எங்கள் வீடும்
அந்த பஸ்ஸின் சட்டப்படி ஓடுகிறது.
மிக்ஸி ஓடும்போது என் முதுகில் ஒரு தட்டு.
நிறுத்துவேன்.
காதைப் பொத்திக்கொண்டு, தயாரானதும்
முழங்கையால் இரண்டு தட்டு.
தேங்காய் பாதி, சட்னி பாதி
என்று நாலு தவணையில் அரைபடும்.
அவள் அப்பா லாரியோடு வருகிற இரவில்
கதவைத் தட்டுவதும் இரண்டுதான்.
மூன்றாவது தட்டுக்கு இங்கே அர்த்தம் கிடையாது.

நேற்று
சம்பளத்தில் பிடித்தம்,
மழையில் நின்ற பஸ்,
வழியில் ஒருத்தி
"நாலு சாத்து சாத்தினா அடங்கிடும்" என்றாள்.
வீடு வந்ததும் வெடித்தேன்.
யாரை என்று இல்லை.
தட்டு உருண்டது, சொம்பு உருண்டது,
என் குரல் எனக்கே கூசியது.
நிறுத்தத் தெரியவில்லை.
எங்கிருந்து நிறுத்துவது என்று
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டிரம் இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டது.
மாங்காய்ப் பால் பட்டு வெந்த
என் மணிக்கட்டில்,
தானே தொட விரும்பாத அந்த வாசத்தின் மேல்,

ஒரு தட்டு.

நின்றேன்.
ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்தேன்.
ராகி மூட்டையை இழுத்து
என் மடியில் தள்ளிவிட்டு
மறுபடி இடுக்குக்குள் போய்விட்டாள்.

வெளியே மழை விட்டிருந்தது.
இரண்டு தட்டு வருகிறதா என்று
காத்திருந்தேன்.
அவசரமில்லை.